ஒன்பது நாள் இதயம்: ஸ்டெம் செல் நம்பிக்கை ஒன்றின் வரலாறு

"ஒரு ஊசி போட்டால் பழுதான இதயம் புதுசாகிவிடும்." வட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வராத குடும்பம் இன்று குறைவு. பெரும்பாலும் அதில் 'ஸ்டெம் செல்' என்ற சொல் இருக்கும். வீட்டில் ஒருவருக்கு மாரடைப்பு வந்திருந்தால் அந்தச் செய்தியை யாரும் சும்மா கடந்துபோவதில்லை. "இந்தியாவுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன?" என்ற கதை அன்றிரவே தொடங்கிவிடும்.

அந்தச் செய்தி முழுப்பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அதற்குப் பின்னால் 20 வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. ஆய்வுகூடத்தில் தொடங்கி, நோயாளிகளின் உடம்புக்குள் போய், நீதிமன்றம் வரை ஏறிய வரலாறு அது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தச் செய்தியை நம்பவும் ஏலாது, ஒதுக்கவும் ஏலாது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ஏன் இதயத்துக்கு மட்டும் இந்தச் சாபம்?

கை வெட்டுப்பட்டால் தோல் மூடிக்கொள்கிறது. ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் அது திரும்ப வளர்கிறது. இதயம் அப்படி இல்லை. இதயத்துக்கே இரத்தம் கொடுக்கிற முடியுருநாடி ஒன்று அடைபட்டால் அதை நம்பியிருந்த தசைக் கலங்கள் சில மணித்தியாலங்களுக்குள் சாகத் தொடங்கும். பெரிய மாரடைப்பு ஒன்றில் இப்படிச் சாகும் கலங்கள் 100 கோடி வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த இடத்தில் புதுத்தசை வருவதில்லை, தழும்புதான் வருகிறது. தழும்பு கிழியாமல் தாங்கும், ஆனால் சுருங்கி இரத்தத்தைத் தள்ளாது. மிச்சமுள்ள தசை அந்த வேலையையும் சேர்த்துச் செய்து களைத்து, வருடங்கள் போக இதயம் பலவீனமாகிறது.

வைத்தியர்களிடம் இதற்கு மருந்துகள் இருக்கின்றன, பைபாஸ் இருக்கிறது, கடைசியில் மாற்று இதயமும் இருக்கிறது. செத்த தசையை உயிர்ப்பிக்கும் வழி மட்டும் இல்லை. நீண்டகாலமாகப் பாடப்புத்தகங்கள் சொன்னதும் இதைத்தான்: பிறக்கும்போது கொண்டுவந்த இதயத் தசைக் கலங்களோடுதான் நாங்கள் சாகிறோம்.

இந்த நிலைமையில்தான் 2001 வந்தது.

சுண்டெலியில் நடந்த அற்புதம்

அந்த வருடம் ஏப்ரலில் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியானது. நியூயோர்க் மருத்துவக் கல்லூரியின் பியரோ அன்வெர்ஸா, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் டொனால்ட் ஓர்லிக் ஆகியோரின் குழு எழுதியது. அவர்கள் சுண்டெலிகளின் இதய நாடி ஒன்றைக் கட்டி மாரடைப்பை உண்டாக்கினார்கள். பிறகு வேறு எலிகளின் என்புமச்சையிலிருந்து மூலக்கலங்களை எடுத்து, பழுதான இடத்தின் ஓரத்தில் ஊசியால் ஏற்றினார்கள். மூலக்கலம் என்பதுதான் ஸ்டெம் செல்: இன்னும் இன்ன வேலை என்று தீர்மானிக்கப்படாத, பல வகைக் கலங்களாக மாறக்கூடிய கலம். என்புமச்சையில் உள்ளவை வழமையாக இரத்தக் கலங்களாக மாறும். இங்கே அவை இதயத் தசையாக மாறின என்றார்கள். 9 நாட்களில், செத்துப்போன பகுதியின் 68 சதவீதத்தைப் புதுத்தசை நிரப்பியிருந்ததாம்.

9 நாள்! யோசித்துப் பாருங்கள். அதுவும் என்புமச்சை எங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. நோயாளியிடமே எடுத்து நோயாளிக்கே கொடுக்கலாம். உடம்பு ஏற்க மறுக்குமோ என்ற பயம் இல்லை. 1998 இல்தான் மனித முளையத்திலிருந்து மூலக்கலங்களைப் பிரித்தெடுத்திருந்தார்கள், அமெரிக்காவில் அதைச் சுற்றிப் பெரிய அறநெறிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. என்புமச்சைக்கு அந்தச் சண்டையும் இல்லை. எல்லாருக்கும் வசதியான ஒரு விடை வந்து சேர்ந்தது போல இருந்தது.

ஜேர்மனியில் டுசெல்டோர்ஃப் நகரில் போடோ ஸ்ட்ரவரின் குழு 2001 இலேயே மாரடைப்பு வந்த ஒருவருக்கு அவருடைய என்புமச்சைக் கலங்களை இதய நாடிக்குள் செலுத்தியது. அடுத்த வருடம் 10 நோயாளிகளின் முடிவுகள் அச்சில் வந்தன. பிறகு ஹனோவர், பிராங்பர்ட் என்று ஒவ்வொரு ஊராகப் பரிசோதனைகள் தொடங்கின. ஒரு மருந்து எலியிலிருந்து மனிதனுக்கு வர வழமையாகப் பல வருடம் எடுக்கும். இது ஓடியே வந்தது.

மற்ற ஆய்வுகூடங்களில் வரவில்லை

சரி, மற்றவர்கள் செய்து பார்த்தார்களா? பார்த்தார்கள். 2004 இல் அதே 'நேச்சர்' சஞ்சிகையில் இரண்டு கட்டுரைகள் சேர்ந்து வந்தன. ஒன்று சியாட்டிலில் சார்ள்ஸ் மரியும் இண்டியானாபொலிஸில் லோரன் ஃபீல்டும் சேர்ந்து செய்தது. மற்றது ஸ்டான்ஃபோர்ட் குழுவினுடையது.

மரி குழு செய்த உத்தி எளிமையானது, ஆனால் ஏமாற்ற முடியாதது. கலம் கொடுக்கும் எலிகளின் மரபணுவில் ஒரு அடையாளத்தை முன்கூட்டியே வைத்தார்கள். ஒரு கலம் இதயத் தசையாக மாறினால் மட்டும் அந்த அடையாளம் வெளிப்படும், இல்லாவிட்டால் தெரியாது. இப்படி 145 தடவை கலங்களை ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு கலம்கூட இதயத் தசையாக மாறியதற்கு அடையாளம் இல்லை. ஸ்டான்ஃபோர்ட்டிலும் அதே கதை: ஏற்றிய கலங்கள் இரத்தக் கலங்களாகவே இருந்தன.

அப்படியானால் முதல் குழு கண்டது என்ன? அங்கே விளக்கம் ஒன்று முன்வைக்கப்பட்டது. காயப்பட்ட இதயத் தசை நுணுக்குக்காட்டியின் ஒளியில் தானாகவே மினுங்கும். ஒளிரும் சாயத்தை வைத்துக் கலத்தை அடையாளம் காணும்போது, எது சாயம், எது தசையின் சொந்த மினுக்கம் என்று பிரிப்பது கஷ்டம். பார்க்க விரும்புவது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியேல்ல. ஏனெண்டால் ஒரு வருடத்துக்கு முன்பே, 2003 இல், அன்வெர்ஸா குழு இன்னொரு கட்டுரையை வெளியிட்டிருந்தது. இதயத்துக்குள்ளேயே அதற்கென்று சொந்த மூலக்கலங்கள் இருக்கின்றன, 'சி-கிட்' என்ற புரதத்தை வைத்து அவற்றை அடையாளம் காணலாம் என்றது அது. என்புமச்சைக் கதை ஆட்டம் கண்டபோது நம்பிக்கை மெதுவாக இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டது. "உங்களுக்கு வரவில்லை என்றால் உங்களுடைய செய்முறை சரியில்லை" என்பது முதல் குழுவின் வழமையான பதில். இந்தப் பதிலுக்கு எதிராக ஒன்றும் செய்ய முடியாது. இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிக்கும் சுமை மற்றவர்களின் தலையில் ஏறிவிடுகிறது.

2007 இல் அன்வெர்ஸா பொஸ்டனுக்கு, ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பிரிகாம் மகளிர் வைத்தியசாலைக்குப் போனார். பெரிய பெயர், பெரிய நிதி.

அணுகுண்டு காட்டிய நேரம்

இங்கே கதைக்குள் எதிர்பாராத ஒரு சாட்சி வருகிறது.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்தன. அதனால் வளிமண்டலத்தில் காபன்-14 என்ற கதிரியக்கக் காபனின் அளவு சடுதியாக ஏறியது. 1963 இல் திறந்தவெளிப் பரிசோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தபிறகு அது வருடா வருடம் இறங்கத் தொடங்கியது. அந்தக் காபனைத் தாவரம் எடுக்கிறது, தாவரத்தை நாங்கள் சாப்பிடுகிறோம். ஒரு கலம் பிரியும்போது அதன் டி.என்.ஏ.க்குள் அந்த நேரத்துக் காபன் பதிந்துவிடுகிறது. ஆகவே ஒரு கலத்தின் டி.என்.ஏ.யில் எவ்வளவு காபன்-14 இருக்கிறது என்று அளந்தால் அது எந்தக் காலத்தில் பிறந்தது என்று சொல்லலாம். குண்டு வெடித்தவர்கள் நினைத்துப் பார்க்காத ஒரு மணிக்கூடு உலகத்தில் எல்லாருடைய உடம்பிலும் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்டொக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் யோனாஸ் ஃபிரிசேன் குழு இறந்தவர்களின் இதயங்களை இந்த முறையில் அளந்து 2009 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் முடிவை வெளியிட்டது. அணுகுண்டுப் பரிசோதனைக்கு முதல் பிறந்தவர்களின் இதயத் தசையிலும் குண்டுக் காலத்துக் காபன் இருந்தது. அப்படியானால் அவர்கள் பிறந்தபிறகும் புதுக் கலங்கள் உருவாகியிருக்கின்றன. பழைய பாடப்புத்தகம் பிழை! ஆனால் எவ்வளவு? 25 வயதில் வருடத்துக்கு 1 சதவீதம், 75 வயதில் 0.45 சதவீதம். ஒரு முழு ஆயுளில் பாதிக் கலங்கள்கூட மாறுவதில்லை.

அடுத்த வருடமே அன்வெர்ஸா குழு வேறு கணக்குச் சொன்னது. 20 வயதுக்கும் 100 வயதுக்கும் இடையில் பெண்களின் இதயத் தசை 15 தடவையும் ஆண்களுடையது 11 தடவையும் முழுமையாக மாறுகிறதாம். ஒருவர் பாதியும் மாறாது என்கிறார், மற்றவர் 15 தடவை மாறும் என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்க வழியில்லை.

2012 இல் அன்வெர்ஸா குழு அதே காபன்-14 முறையைப் பயன்படுத்தியதாகச் சொல்லி 'சேர்க்குலேஷன்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டது. 2014 ஏப்ரலில் அது மீளப்பெறப்பட்டது. தரவுகள் நம்பமுடியாத அளவுக்குப் பழுதாகியிருப்பதாக ஹார்வர்டும் வைத்தியசாலையும் நடத்திய உள்விசாரணை கண்டிருந்தது.

ஒவ்வொன்றாகச் சரிந்தது

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது போலத் தெரியும். உண்மையில் அதற்கும் ஐந்து வருடம் எடுத்தது.

அதே 2014 இல் சின்சினாட்டியில் ஜெஃப்ரி மொல்கென்டின் குழு, எலிகளில் சி-கிட் கலங்களின் வம்சாவளியைத் தொடர்ந்து பார்த்தது. அவை இதயத் தசையாக மாறுவது 0.03 சதவீதமோ அதிலும் குறைவோ. அன்வெர்ஸா 2015 இல் பிரிகாமை விட்டு விலகினார். விசாரணை தனக்கு அநியாயம் செய்ததாக அவர் தொடுத்த வழக்கும் எடுபடவில்லை. 2017 ஏப்ரலில், அந்த ஆய்வுகூடம் பொய்யான தரவுகளைக் காட்டி அரச ஆய்வு நிதி பெற்றது என்ற குற்றச்சாட்டைத் தீர்க்க, வைத்தியசாலைத் தரப்பு அமெரிக்க அரசுக்கு 1 கோடி டொலர் கட்ட ஒத்துக்கொண்டது. 2018 ஒக்டோபரில் அந்த ஆய்வுகூடத்திலிருந்து வந்த 31 கட்டுரைகள் மீளப்பெறப்பட வேண்டும் என்று ஹார்வர்டும் பிரிகாமும் சஞ்சிகைகளுக்கு அறிவித்தன.

2001 இலிருந்து 2018. 17 வருடம். அந்த 17 வருடத்தில் எத்தனை மாணவர்கள் இல்லாத ஒரு கலத்தைத் தேடித் தங்களுடைய கலாநிதிப் பட்ட காலத்தைச் செலவழித்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. "எனக்கு ஏன் வரேல்ல?" என்று தங்களைத்தான் அவர்கள் சந்தேகித்திருப்பார்கள்.

நோயாளிக்கு என்ன கிடைத்தது?

எங்களுக்கு முக்கியமான கேள்வி இதுதான். கட்டுரை மீளப்பெறலாம். ஒருவரின் நெஞ்சுக்குள் ஏற்றியதை மீளப்பெற ஏலாது.

எக்கோ ரிப்போட் பார்த்தவர்களுக்கு 'ஈ.எஃப்.' என்ற எண் தெரிந்திருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இடது இதயவறையில் உள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பது அது. 2011 இல் லூயிவில் பல்கலைக்கழகத்தின் ரொபேட்டோ போலி, அன்வெர்ஸா குழுவோடு சேர்ந்து 'லான்செட்' சஞ்சிகையில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். பைபாஸ் செய்த நோயாளிகளின் இதயத்திலிருந்து சிறு துண்டு எடுத்து, சி-கிட் கலங்களைப் பொஸ்டனில் பெருக்கி, திரும்ப அவர்களுக்கே கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் ஈ.எஃப். 30.3 இலிருந்து 38.5 ஆக ஏறியது என்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. 2019 இல் 'லான்செட்' அதை மீளப்பெற்றது: பொஸ்டன் ஆய்வுகூடத்தின் பகுதி நம்பத்தகுந்ததாக இல்லை. அந்த அறிவியலை அடியாகக் கொண்ட இன்னொரு அமெரிக்கப் பரிசோதனை 125 இதய நோயாளிகளோடு நடந்துகொண்டிருந்தது. அதை அரச நிதி நிறுவனம் 2018 இலேயே இடைநிறுத்திவிட்டது.

என்புமச்சைப் பக்கத்தில் மோசடி என்று எல்லாரையும் சொல்ல முடியாது. நேர்மையாக நடந்த பரிசோதனைகள் பல. ஆனால் ஹனோவரில் 60 பேரோடு நடந்ததில் ஆறு மாதத்தில் தெரிந்த முன்னேற்றம் பதினெட்டாவது மாதத்தில் கரைந்துபோனது. பிராங்பர்ட்டில் 204 பேரோடு நடந்ததில் கலம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே ஈ.எஃப்.இல் இருந்த வித்தியாசம் 2.5 புள்ளி மட்டும். லண்டனில் டெரல் ஃபிரான்சிஸ் குழு 2014 இல் 49 பரிசோதனைகளின் அறிக்கைகளை வரி வரியாகச் சரிபார்த்தது. 600க்கும் மேற்பட்ட முரண்பாடுகள் கிடைத்தன. எந்த அறிக்கையில் முரண்பாடு கூடவோ அதில்தான் முன்னேற்றமும் கூட. முரண்பாடு ஒன்றுமே இல்லாத அறிக்கைகளில் முன்னேற்றமும் இல்லை. உயிர் காக்கிறதா என்று பார்க்க ஐரோப்பாவில் தொடங்கிய பெரிய பரிசோதனைக்கு 3000 பேர் தேவைப்பட்டார்கள், 375 பேர்தான் சேர்ந்தார்கள். 2020 இல் அது தீர்ப்பொன்றும் சொல்லாமல் முடிந்தது.

அப்ப, சிலருக்குக் கொஞ்சம் நல்லானது எப்படி? 2019 இல் மொல்கென்டின் குழுவே ஒரு வினோதமான விடை கொடுத்தது. எலிகளின் காயப்பட்ட இதயத்தில் உயிருள்ள கலத்தை ஏற்றினாலும், உறையவைத்துக் கொன்ற கலத்தை ஏற்றினாலும் ஒரே பலன் கிடைத்தது. உடம்பின் நிர்ப்பீடனக் கலங்கள் அங்கே கூடி, தழும்பைக் கொஞ்சம் பலப்படுத்துகின்றன. புதுத்தசை வரவில்லை, பழைய காயம் சற்று நன்றாக ஆறுகிறது.

மெதுவாக நடந்தவர்கள்

இந்த வரலாற்றைச் சொல்லி "ஸ்டெம் செல் எல்லாம் சுத்துமாத்து" என்று முடித்தால் அதுவும் அநியாயம். இதே காலத்தில் இன்னொரு பாதையில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

பாரிஸில் பிலிப் மெனாஷே 2000 இல் நோயாளியின் காலிலிருந்து எடுத்த தசைக் கலங்களை இதயத்தில் வைத்துப் பார்த்தவர். பிறகு 97 பேரோடு தானே நடத்திய பரிசோதனையில் அது பலனளிக்கவில்லை என்று 2008 இல் தானே அச்சில் எழுதினார். பிறகு வேறு வகைக் கலத்துக்குப் போனார். ஜப்பானில் ஷின்யா யமனாகா 2006 இல் எலியிலும் 2007 இல் மனிதனிலும் சாதாரண தோல் கலத்தைப் பின்னோக்கித் திருப்பி மூலக்கலமாக்கிக் காட்டினார். 2012 இல் நோபல் பரிசு. அந்தக் கலத்தை ஆய்வுகூடத்தில் வளர்த்தால் அது துடிக்கும் இதயத் தசையாகிறது. கோப்பைக்குள் துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

முன்னைய முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். முன்பு கலத்தை ஏற்றிவிட்டு, உள்ளே போய்த் தசையாகும் என்று நம்பினார்கள். இப்போது தசையாக்கிவிட்டுத்தான் உள்ளே வைக்கிறார்கள். 2004 இல் மறுத்த அதே சார்ள்ஸ் மரி, 2014 இல் மனிதக் கலத்திலிருந்து உருவாக்கிய 100 கோடி இதயத் தசைக் கலங்களைக் குரங்குகளுக்கு ஏற்றினார். தசை உண்மையாகவே வளர்ந்தது. கூடவே இதயத் துடிப்பும் ஒழுங்கு தவறியது, அதையும் மறைக்காமல் எழுதினார். 2020 ஜனவரியில் ஒசாக்காவில் யொஷிகி சாவாவின் குழு யமனாகா முறைக் கலங்களால் செய்த மெல்லிய தசைத் தகடுகளை முதல் நோயாளியின் இதயத்தில் வைத்தது. 2025 ஜனவரியில் ஜேர்மனியின் கோட்டிங்கன் குழு, 46 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தில் வைத்த தசைத் துண்டைப் பற்றி எழுதியது. மூன்று மாதத்துக்குப் பிறகு அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. வெளியே எடுத்த பழைய இதயத்தை ஆராய்ந்தபோது, வைத்த துண்டு உயிரோடு, இரத்தக் குழாய்களும் ஓடியபடி இருந்தது.

9 நாளில் 68 சதவீதம் என்பதோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம். ஆனால் இதை வெட்டி, எடுத்து, பார்த்திருக்கிறார்கள். நோயாளி நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து எடுக்க வேண்டும், துடிப்பைக் கவனிக்க வேண்டும், எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்க்க வேண்டும். இன்னும் இது பரிசோதனைதான்.

அதனால் அடுத்த தடவை அந்த வட்ஸ்அப் செய்தி வரும்போது வீட்டில் கேட்க மூன்று கேள்விகள் இருக்கின்றன. எந்தக் கலம், எங்கிருந்து எடுத்தது? அது உள்ளே தசையாகிறது என்று வேறு யாராவது செய்து பார்த்தார்களா? இதற்குக் காசு கேட்கிறார்களா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டல், இரத்தம் சம்பந்தமான சில நோய்களுக்கு வெளியே ஸ்டெம் செல்லைப் பதிவுசெய்த பரிசோதனைகளில் மட்டும்தான் கொடுக்கலாம் என்கிறது. இதயம் அந்த விதிவிலக்கில் இல்லை. ஆகவே இதயத்துக்கு ஸ்டெம் செல் என்று இலட்சக்கணக்கில் விலை சொல்பவர் சிகிச்சையும் தரவில்லை, பரிசோதனையும் செய்யவில்லை.

காணி விற்று, நகை அடகு வைத்து ஆட்களைக் காப்பாற்றப் பார்க்கிற ஊர் எங்களுடையது. அந்தக் காசு மாரடைப்பு வந்த முதல் மணித்தியாலத்தில் வைத்தியசாலைக்கு ஓடுகிற வாகனத்துக்கும், பிறகு ஒழுங்காக எடுக்கிற மாத்திரைக்கும் போகட்டும். இதயத்தில் தசை சாகாமல் காப்பது இன்றைக்குத் தெரிந்த வைத்தியம். செத்த தசையைத் திரும்பக் கொண்டுவருவதை ஒசாக்காவிலும் கோட்டிங்கனிலும் மெதுவாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.